கலுங்குச் சரிவில் ஊன்றிய கால்

வேலங்குளத்துச் சைக்கிள் பந்தயத்துக்குப் பூமயிலை நடுவராகப் போட்டதற்குக் காரணம், அவள் அந்த ஊர்க்காரி இல்லை என்பதுதான். வடக்குத் தெரு சொல்லும் ஆளைத் தெற்குத் தெரு ஏற்காது, தெற்குத் தெரு சொல்லும் ஆளை வடக்குத் தெரு ஏற்காது. பூமயில் கிராம நர்சு. இரண்டு தெருவிலும் பிரசவம் பார்த்தவள். அவளை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்த வட்டாரத்தில் சைக்கிள் ஓட்டிய ஒரே பெண் அப்போது அவள்தான். சொந்த ஊர் அபிராமம் பக்கம். கணவன் செல்லச்சாமி மிளகாய் விவசாயம் பார்க்கும் சம்சாரி. 1976இல் வேலை கிடைத்து அவனோடு வேலங்குளத்துக்கு வந்தாள். சிக்கல் என்ற ஊருக்குத் தெற்கே, பஸ் வராத கரிசல் காட்டு ஊர். சுற்றி ஐந்து ஊர்களுக்கு அவள் ஒருத்திதான் நர்சு. மழை பெய்தால் வண்டிப்பாதைச் சேறு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சைக்கிள் அசையாது. முதல் மழைக்காலத்திலேயே இரண்டு மட்கார்டையும் கழற்றிப் போட்டுவிட்டாள். பாதையை விட்டுக் கண்மாய்க்கரை மேலேயே போகப் பழகினாள்.

கரை முடிகிற இடத்தில் கலுங்கு இருந்தது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கல் பாவிக் கட்டிய சரிவு அது. கல்லெல்லாம் ஏறியும் இறங்கியும் கிடக்கும், இடையிடையே சரளை. மேற்கே இருக்கிற ஊர்களுக்குப் போக அதில்தான் இறங்கியாக வேண்டும். முதலில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். பிள்ளை பாதி வந்து நிற்கிறது என்று ஆள் ஓடிவரும்போது அதற்கெல்லாம் நேரம் கிடையாது. ஏறி உட்கார்ந்தபடியே இறங்கப் பார்த்து, மருந்துப் பையோடு உருண்டு, முழங்கையைக் கிழித்துக்கொண்டுதான் அந்தச் சரிவைப் படித்தாள். முன் பிரேக்கைப் பிடித்தால் ஆள் தலைக்குப்புறப் போவான். சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் எந்தக் கல் வேண்டாமோ அந்தக் கல்லிலேயே சக்கரம் போய் ஏறும். உடம்பைப் பின்னால் தள்ளி, தூரத்தில் கண்ணை வைத்து, பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கினால் வழுக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

பந்தயம் 1983 வைகாசித் திருவிழாவில் தொடங்கியது. கண்மாய் வற்றிக் கிடக்கும் நேரம். மடையிலிருந்து கரை மேல் ஓட்டி, கலுங்கில் இறங்கி, வேலிக்கருவைக் காட்டுக்குள் புகுந்து அய்யனார் கோவிலில் முடிக்க வேண்டும். ஒவ்வொருவராகத்தான் விடுவார்கள். வேகத்துக்கு ஒரு மார்க்கு, கால் ஊன்றாமல் இறங்குகிற லாவகத்துக்கு ஒரு மார்க்கு. நடுவர் மூன்று பேர். திருவிழாக் கமிட்டித் தலைவர் என்ற முறையில் வடக்குத் தெருக் குருநாதன், கடலாடியில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர், மூன்றாவதாகப் பூமயில். ஆண்கள் இரண்டு பேரும் கோவில் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பூமயில் கலுங்குக்குக் கீழே போய் வெயிலில் நின்றாள். அங்கே நின்றால்தான் ஓட்டத் தெரிந்தவன் யாரென்று தெரியும் என்றாள்.

கூட்டம் சேர்க்க உப்பூரிலிருந்து வீரபத்திரனை வரவழைத்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய், கீழே இறங்காமல் நாள் கணக்கில் வட்டமாகச் சைக்கிள் ஓட்டிக் காட்டுவது அவருடைய தொழில். சைக்கிள் மேலேயே குளிப்பார், சாப்பிடுவார், சட்டை மாற்றுவார். நாற்பது வயது இருக்கும். ஒல்லி ஆள்.

அவர் கலுங்கில் இறங்கியதைப் பூமயில் பார்த்துக்கொண்டு நின்றாள். உச்சியில் ஒரு கணம் நிற்பது போலத் தெரிந்தது. அப்புறம் இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் விட்டுக் கைகளை நீட்டிக்கொண்டார். சைக்கிள் கல்லுக்குக் கல் தானாக வழி கண்டுபிடித்து வந்தது. நிறைகுடத்தைத் தலையில் வைத்துப் படி இறங்குகிற மாதிரி இருந்தது. சத்தம் இல்லை, செயின்கூட ஆடவில்லை. ஏழெட்டு வருசமாகத் தான் அந்தச் சரிவில் செய்ய நினைத்து முடியாமல் போனது இதுதான் என்று அவளுக்குப் பட்டது.

அவருக்குப் பின்னால் குருநாதனின் தங்கை மகன் மலையாண்டி வந்தான். கலுங்கு உச்சியிலிருந்து இரண்டு காலையும் விரித்துக்கொண்டு ஒரே குதி. கீழே விழுந்த வேகத்தில் கைப்பிடி கோணிக்கொண்டது, ஆள் விழவில்லை. கூட்டம் விசிலடித்தது. பந்தலில் இருந்த இரண்டு பேரும் அவனுக்கே மார்க்குப் போட, பரிசுக் கிடாய் அவனுக்குப் போனது.

பூமயில் பந்தலுக்குப் போய்க் கேட்டாள். குருநாதன் கோபப்படவில்லை.

"நர்சம்மா, அவன் தொழிலா ஓட்டுறவன். நம்ம பயலுக ஆசைக்கு ஓட்டுறாங்க. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்க முடியுமா?"

"அப்பறம் எதுக்கு அவரையும் பந்தயத்துல விட்டீக?"

குருநாதன் அவளுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த வருசம் குதித்தால் கூடுதல் மார்க்கு என்று சட்டம் வந்தது. அது சைக்கிள் கடைக்காரர் யோசனை. பந்தயத்துக்கு முன்னால் வீரபத்திரன் கலுங்குக் கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீங்களும் குதித்தால் என்ன என்று பூமயில் கேட்டாள். நடுவர் அப்படிக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை.

"குதிச்சா முன் சக்கரத்துப் போர்க்கு வளைஞ்சு போகும், தாயி. நாளைக்குத் தேவிபட்டினத்துல ஆட்டம். இந்தச் சைக்கிள விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

அவர் குதிக்கவில்லை, போன வருசத்தை விடவும் சுத்தமாக இறங்கினார். கிடாய் மறுபடியும் மலையாண்டிக்கு. மூன்றாம் வருசமும் அதேதான் நடந்தது. அந்த வருசம் பூமயில் கூட்டத்துக்கு முன்னாலேயே சண்டை போட்டாள். அவ்வளவு வருத்தமென்றால் அந்த ஆளுக்கு நீங்களே ஒரு துண்டு வாங்கிப் போர்த்துங்கள் என்று கடைக்காரர் சிரித்தார். வீட்டுக்கு வந்து அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்த வேகத்தைப் பார்த்து, ஊரான் வீட்டுக் கிடாய்க்கு நீ ஏன் இப்படிக் கொதிக்கிறாய் என்று செல்லச்சாமி கேட்டான். கிடாய்க்காக இல்லை என்று சொன்னாள். கண்ணுக்கு முன்னால் நடப்பதை நடந்ததாகச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் அவளை அரித்தது. ஊசி போடப் போகிற வீடுகளில்கூட இதைப் பற்றிப் பேசினாள். சனங்கள் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள்.

அந்த மூன்றாம் வருசப் பந்தயம் முடிந்த மறுவாரம், தெற்குத் தெருவில் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் கலுங்கில் குதித்துப் பார்த்துக் காறை எலும்பை முறித்துக்கொண்டான். கட்டுப் போட்டு ராமநாதபுரத்துக்கு அனுப்பியது பூமயில்தான். தெற்குத் தெரு கமிட்டியோடு மல்லுக்கு நின்றது. குதிப்பும் வேண்டாம், பந்தலில் உட்காருகிற நடுவர்களும் வேண்டாம், நர்சம்மா ஒருத்தி பார்த்தால் போதும், இல்லையென்றால் திருவிழாவுக்கே வரமாட்டோம் என்றார்கள். குருநாதன் யோசித்துப் பார்த்து இறங்கி வந்தார். 1986இல் பூமயில் ஒருத்திதான் நடுவர். அவள் சொல்வதுதான் முடிவு.

பந்தயத்துக்கு முந்திய வாரம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தத் தடவை யாராலும் தடுக்க முடியாது என்று செல்லச்சாமியிடம் சொன்னாள். யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே முடிவு பண்ணிவிட்டாயா என்று அவன் கேட்டான். அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீரபத்திரன் வந்து இறங்கியபோதே ஆள் சரியில்லை. ராமேஸ்வரத்தில் எட்டு நாள் ஆட்டம் முடித்து நேரே வந்திருந்தார். இடது முழங்கால் வீங்கியிருந்தது. பூமயில் தொட்டுப் பார்த்து, ஓட்ட வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை. இந்த வருசம் நீங்கதான் பாக்குறீகளாமே என்று மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்றைக்குக் காற்று அதிகம். ஒவ்வொரு சைக்கிளுக்குப் பின்னாலும் புழுதி எழும்பி, மேலே கரையில் நின்ற கூட்டத்துக்குப் பாதிச் சரிவு தெரியவில்லை. கீழே நின்ற பூமயிலுக்குத் தெரிந்தது. வீரபத்திரன் வழக்கம் போல இடுப்பைப் பின்னால் விட்டு இறங்கத் தொடங்கினார். நடுச்சரிவில் முன் சக்கரம் ஒரு கல் இடுக்கில் லேசாகச் சிக்கியது. பழைய வீரபத்திரன் அதை இடுப்பாலேயே எடுத்துவிடுவார். இன்றைக்கு முழங்கால் மடங்கவில்லை. இடது கால் இறங்கிக் கல்லில் ஊன்றி, ஒரு தள்ளுத் தள்ளி மறுபடி பெடலுக்கு ஏறியது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. மிச்சத் தூரத்தை அழகாகவே ஓட்டிப் போனார். கூட்டம் கை தட்டியது.

அடுத்து மலையாண்டி. குதிப்புக்கு மார்க்கு இல்லாததால் அவன் உருண்டுதான் வருவான் என்று பூமயில் எதிர்பார்த்தாள். உருள வேண்டும் என்றுகூட நினைத்தாள். அவன் உச்சியில் ஒரு கணம் நின்றான். இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் விட்டுக் கைகளை நீட்டினான். கண் கருவைக் காட்டைப் பார்த்தது. சைக்கிள் கல்லுக்குக் கல் வழி கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் இறங்கியது. எங்கேயும் கால் ஊன்றவில்லை. அவள் ஒவ்வொரு கல்லாகக் குறை தேடினாள். ஒரு கல்லிலும் கிடைக்கவில்லை.

அய்யனார் கோவிலுக்கு நடந்து வருகிற வரைக்கும் அவளுக்குள் ஒரே போராட்டம். கோவிலில் எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையாண்டி என்று சொன்னாள்.

தெற்குத் தெரு ஆட்கள் முதலில் நம்பவில்லை. அப்புறம் அவளுக்குக் கேட்கிற மாதிரியே பேசினார்கள். குருநாதன் மடக்கிவிட்டார், மாற்றலுக்குப் பயந்துவிட்டாள் என்றெல்லாம் சொன்னார்கள். வடக்குத் தெருவில் அவளைப் பாராட்டினார்கள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. நல்லவேளை, கடைசியில் உங்களுக்கும் ஓட்டம் பார்க்கத் தெரிந்துவிட்டது என்று குருநாதன் சொன்னபோது, அவர் முகத்துக்கு நேரே ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் தீர்ப்பு அவளுடையதுதான்.

வீரபத்திரன் வேப்பமரத்தடியில் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் போய் நின்றபோதும் நிமிரவில்லை.

"நா கால் ஊனுனதப் பாத்தீகளா?"

"பாத்தேண்ணே."

"வேற ஒரு ஆளும் பாக்கல."

"தெரியும்."

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"மூணு வருசம் சரியாப் பாத்தீக. ஒண்ணும் ஆகல. இந்த ஒரு நாளு பாக்காம இருந்திருக்கலாம், தாயி."

அவர் ஏறிப் போகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். அன்று மாலை மலையாண்டி அவளைத் தேடி வீட்டுக்கு வந்தான். தன் ஓட்டம் எப்படி இருந்தது என்று அவள் வாயால் கேட்க ஆசைப்பட்டான். வீரபத்திரன் ஓட்டுகிற மாதிரியே இருந்தது என்றாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று வருசமாக அவர் இறங்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் யாருக்கும் தெரியாமல் விடியற்காலையில் பழகியதாகச் சொன்னான்.

"இத அவருகிட்டச் சொன்னியா?"

"மாமா பக்கத்துல நின்னாரு, நர்சக்கா. எப்பிடிச் சொல்றது?"

அவனை அடிக்கலாம் போல இருந்தது அவளுக்கு. சைக்கிளில் பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டு வா என்று விரட்டினாள். அவனால் பிடிக்க முடியவில்லை, அவர் எப்போதோ போய்விட்டிருந்தார். நீ செய்ததுதான் சரி என்று செல்லச்சாமி ஆறுதல் சொன்னபோது அவன்மேலும் எரிந்து விழுந்தாள். சரி என்பது அவளுக்கே தெரியும். இத்தனை வருசம் தவறு செய்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்க, சரியாகச் செய்தவள் வயிறு ஏன் எரிய வேண்டும் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த வருசம் வீரபத்திரன் வரவில்லை. ஆள் அனுப்பியும் வரவில்லை. பூமயிலும் நடுவராக நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு தெருவும் வேறு ஆளுக்கு ஒத்துக்கொள்ளாததால் பந்தயம் நின்றது. மலையாண்டி சவுதிக்குப் போனான். பத்து வருசம் கழித்துக் கலுங்கைச் சிமெண்ட் போட்டுப் பூசி, பக்கத்தில் தார்ரோடும் போட்டார்கள்.

1997இல் ஒரு முகாமுக்காகத் தொண்டிக்குப் போனபோது, வீரபத்திரன் அங்கே வாடகைச் சைக்கிள் கடை வைத்திருப்பதாகப் பூமயில் கேள்விப்பட்டாள். முகாம் முடிந்ததும் தேடிக்கொண்டு போனாள். தலை நரைத்து, இடது காலை நீட்டி உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அடையாளம் தெரிந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். மகளைத் திருவாடானையில் கட்டிக் கொடுத்ததைச் சொன்னார், வாடகைக்கு எடுக்கிற பையன்கள் செயினை அறுத்துக்கொண்டு வருவதைச் சொன்னார். பந்தயப் பேச்சை அவளாகத்தான் எடுத்தாள். அன்றைக்கு ஜெயித்த பையன் உங்களைப் பார்த்துத்தான் படித்தான், உங்கள் ஓட்டத்தைத்தான் அவன் ஓட்டினான் என்று, இத்தனை வருசம் நெஞ்சில் வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

அவர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார்.

"அப்பவே சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்."

ஒரு வாடிக்கையாளர் வந்தார். வீரபத்திரன் எழுந்து காற்றடிக்கப் போனார். பூமயில் ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு கிளம்பினாள். அவர் பம்பை விடாமலே தலையாட்டினார்.

2009இல் அவள் ஓய்வு பெற்றாள். சுகாதார நிலையத்தில் நடந்த பாராட்டில் அவள் பார்த்த பிரசவங்களையும் மழையில் சைக்கிளில் போனதையும் பேசினார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால், பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், மார்க்குப் போட வர முடியுமா என்று கேட்டு வந்திருந்தார்கள். யார் முதலில் வந்தது என்று கோட்டில் நின்று சொல்கிறேன், அழகாக ஓட்டியது யாரென்று என்னிடம் கேட்கக் கூடாது என்றாள். அவர்கள் அதற்கு ஒத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் ஓட்டும்போது அவள் கோட்டை மட்டும் பார்க்க முயன்றாள். கண் அதற்கு முன்னாலேயே, வளைவில் பிரேக் பிடிக்காமல் உடம்பைச் சாய்த்து வந்த ஒரு பிள்ளை மேல் போய் நின்றது. அந்தப் பிள்ளை நான்காவதாக வந்தது. பூமயில் முதலில் வந்தவளின் பெயரைச் சொல்லிவிட்டு, வெயில் தாங்கவில்லை என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.