ஆரஞ்சுப் பழத்தோடு போனவன்

இந்த ஊரில் இரண்டு கார்கள் மோதிக்கொண்டால் சத்தம் அத்தோடு நின்றுவிடுகிறது. கூட்டம் கூடுவதில்லை, யாரும் யார் சட்டையையும் பிடிப்பதில்லை. இருவரும் இறங்கி, இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அமெரிக்கா வந்த புதிதில் இதை நாகரிகம் என்று மெச்சிக்கொண்டிருந்தேன். போன பனிக்காலத்தில் என் கார் வழுக்கி, சிக்னலில் அவசரமாகத் திரும்பிய மிஸஸ் ஹாலண்ட் என்ற பள்ளி ஆசிரியையின் காரில் இடித்தது. பாதித் தப்பு அவருடையது. ஆனால் இடுப்பெலும்பு முறிந்ததும் அவருக்குத்தான்.

கார் வாங்கியபோது ஏஜென்ட் பொறுமையாகத்தான் விளக்கினார். லயபிலிட்டி என்றால் நம்மால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்குக் கம்பெனி கொடுப்பது. கொலிஷன் என்றால் நம் காருக்கு. லயபிலிட்டி இல்லாமல் இந்த மாநிலத்தில் வண்டி ஓட்டக்கூடாது, சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவு இது, அதற்கு மேல் உங்கள் விருப்பம் என்றார். குறைந்தபட்சமே போதும் என்றேன். அரசாங்கமே அளந்து சொல்லிவிட்டதே! ரேஷன் கடையில் அரசாங்கம் அளந்து போடுவது எந்தக் குடும்பத்துக்கும் போதாது என்று தெரிந்த மதுரைக்காரன், இங்கே மட்டும் எப்படித்தான் நம்பினேனோ. ஊரில் இன்சூரன்ஸ் என்பது போலீஸ்காரர் கேட்டால் காட்டுகிற தாள். அதைப் படித்த ஆளை நான் பார்த்ததில்லை.

அங்கே விபத்தைத் தீர்க்கும் வழியே வேறு. திருநகரில் என் அண்ணன் வாடகைக் கார் ஓட்டினார். உசிலம்பட்டிச் சந்தையன்று, மாடு பிடித்து வந்த ஒருவர் திடீரென்று குறுக்கே பாய்ந்து, காரில் அடிபட்டுக் காலை ஒடித்துக்கொண்டார். அண்ணன்மேல் தப்பே இல்லை. ஆனாலும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

"தப்பு எங்க மேலதாண்ணே" என்று அண்ணன் கும்பிட்டார்.

எகிறிக்கொண்டு நின்ற அடிபட்டவரின் மைத்துனர் அடங்கிப்போனார். "விடுங்க தம்பி, வேணும்னா இடிச்சீக? இம்புட்டுத் தூரம் வந்து பாத்தீகள்ல, அது போதும்."

அங்கே அந்த வார்த்தை வாக்குமூலம் இல்லை, மரியாதை. இங்கேயும் அதே மரியாதையோடு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தப்பு முழுக்க என்னுடையது என்றேன். மிஸஸ் ஹாலண்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். பக்கத்திலிருந்த அவர் மகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதையே கோர்ட்டில் என் வாக்குமூலமாக்கிப் பேசியது அவர்களுடைய வக்கீல்தான்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "யாரிடமும் எதுவும் பேசாதே என்றேனே!" அடிபட்டவரைப் போய்ப் பார்ப்பதும் அதில் சேரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் வாயாலேயே பழி முழுவதும் என்மேல் விழுந்தது. சட்டம் சொன்ன அளவைக் கட்டிவிட்டுக் கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. கோர்ட் சொன்ன நஷ்டஈட்டில் மீதியை நான் கட்டும்வரை லைசென்ஸ் இல்லை. பஸ்ஸே ஓடாத ஊரில், லைசென்ஸ் இல்லாதவன் தொழிற்சாலைக்கு எப்படிப் போவது? வேலை போய்விட்டது. வேலையில்லாதவன் குடும்பத்தை அழைத்துக்கொள்ள விசா கிடையாது. என்னைப் போட்டோவில் மட்டுமே பார்த்த மகள் திருநகரில் வளர்கிறாள். எனக்கு வழி ஒன்றும் தெரியவில்லை.

நேற்று டிரங்க் கால் போட்டு, என் மனைவி செல்வியிடம் லயபிலிட்டி, மாநிலச் சட்டம் எல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அந்தம்மாவ ஆஸ்பத்திரில போய்ப் பாத்தீகளா? பழம் வாங்கிட்டுப் போயி, தப்பு நம்ம மேலதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மனசு எறங்கிருவாக."

"சொல்லிட்டேன்."

"அப்ப இனிப் பயமில்ல" என்றவள், நிம்மதியாகப் போனை மகளிடம் கொடுத்தாள்.

"எப்பப்பா எங்களக் கூப்பிட வாரீக?"

ஜன்னலுக்கு வெளியே என் கார் பனி மூடி நின்றது. சாவி இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"வாரேன்" என்றேன்.