அரை மணித்தியாலத் திருத்தம்

ஓப்பின் சோர்ஸ் லைப்ரரிக்குக் கோட் எழுதுவது கோயில் அன்னதானத்துக்குச் சமைப்பது மாதிரியான தொழில்; சம்பளம் கிடையாது, உப்புக் குறைவு என்று சொல்ல மட்டும் ஊர் முழுக்க ஆள் இருக்கும். இந்த வேலையில் என்னைப் போல அகப்பட்டுக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யாரும் எடுத்துத் தங்கள் செயலிக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்த கோட், அதாவது கணினி நிரல்தான் இந்த லைப்ரரி. பிழை கண்டால் யாரும் திருத்தி அனுப்பலாம். அதைச் சேர்ப்பதா விடுவதா என்று தீர்மானிப்பவர் பராமரிப்பாளர்.

நான் திருத்தப் போனது ஜாதகம் கணிக்கும் லைப்ரரி. கல்யாணப் பொருத்தம் பார்க்கும் அப்புகள் பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பது அதுதான். எனக்கு ஜாதகத்தில் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் பிழையான கணக்கைக் கண்டால் கை அரிக்கும். அந்தப் பிழை என் கல்யாணத்திலேயே வந்து குந்திக்கொண்டால் சும்மா இருக்க முடியுமா?

சிவப்பில் காட்டியது

நிரோஷனும் நானும் கொம்பனித்தெருவில் ஒரே கம்பனியில் சொஃப்ட்வெயார் எஞ்சினியர்கள். ஒருவரையொருவர் விரும்பினோம். வெள்ளவத்தையில் இரண்டு வீடும் நடந்து போகிற தூரம். படிப்பு, சமயம், ஊர் என்று குறை சொல்ல ஒருவருக்கும் வழியில்லை. ஆகவே நிரோஷனின் அம்மா என் ஜாதகத்தைக் கேட்டார். பிறந்த நாளையும் நேரத்தையும் இடத்தையும் வட்ஸப்பில் அனுப்பினேன். அவர் அதைத் தன் போனில் இருந்த அப்பில் தட்டினார். எனக்கு எட்டாம் வீட்டில் செவ்வாய், தோஷம். அவருடைய மகனுக்குத் தோஷம் இல்லை. ஆகவே பொருத்தமும் இல்லை.

என் அம்மா பதறிப்போனார். நான் பிறந்த கையோடு சாத்திரியார் ஒருவர் கணித்தபோது அப்படி ஒரு தோஷம் இருக்கவே இல்லையாம். இதைச் சொல்ல நிரோஷன் வீட்டுக்குப் போனோம். அவருடைய அம்மா எங்களுக்குக் குடிக்க ரீ தந்தார், கடிக்கப் பற்றிஸ் தந்தார், பாசமாகச் சிரித்தார். பிறகு போனை எடுத்து எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பிள்ளையில ஒரு குறையும் இல்லை. நான் என்ன செய்யிறது, அப்பில சிவப்பாக் காட்டுதே."

ஒரே ஒரு எண்

அப்புக்குள் இருந்த லைப்ரரியைத் தேடிப் பிடித்துக் கோட்டைத் திறந்து பார்த்தேன். பிழை ஒரே ஒரு வரியில் இருந்தது. இங்கே இலங்கையில் மின்சாரத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளி வைத்தது. முதலில் ஒரு மணித்தியாலம். பிறகு அதை அரை மணித்தியாலமாகக் குறைத்து, ஒரு பத்து வருடம் அப்படியே விட்டது. அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கு அந்த அரை மணித்தியாலத்தைக் கழித்துத்தான் ஜாதகம் கணிக்க வேண்டும். லைப்ரரியை எழுதியவருக்கு இது தெரியாது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்து ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தப் பத்து வருடத்துப் பிள்ளைகள்தான் இப்போது கல்யாண வயதில் நிற்கிறோம். அரை மணித்தியாலம் மாறினால் சிலருக்கு லக்கினம் மாறும், லக்கினம் மாறினால் செவ்வாயும் வீடு மாறும். என் நேரத்தைச் சரியாகப் போட்டுப் பார்த்தேன். தோஷம் இல்லை.

நிரோஷனிடம் கோட்டைக் காட்டினேன். அவரும் இதே தொழில் செய்பவர், ஒரு பார்வையில் விளங்கிக்கொண்டார். "அப்ப இதை அம்மாவிட்டச் சொல்லுங்கோவன்" என்றேன். அவர் கழுத்தைச் சொறிந்தார். பொருத்தம் பார்க்கிற விஷயத்தில் மட்டும் இந்த நாட்டு ஆண்களுக்கு எப்போதும் கழுத்து அரிக்கிறது.

"நான் இப்ப கதைச்சா, பொம்பிளைக்காகக் கதைக்கிறன் எண்டு அம்மா நினைப்பா. நீர் முதல்ல லைப்ரரியத் திருத்தும், அப்பில பச்சையா வரட்டும்."

கொட்டாஞ்சேனைச் சோதிடர்

லைப்ரரி திருந்தும்வரை காத்திருக்க அம்மாவுக்குப் பொறுமையில்லை. கொட்டாஞ்சேனையில் பெயர்பெற்ற சோதிடர் ஒருவரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார். குளிரூட்டிய அறை, கலர் பிரின்டர், மேசையில் பெரிய திரை. ஐயா கையால் ஒரு கணக்கும் போடவில்லை. என் விவரத்தைத் தட்டினார், அதே எட்டாம் வீடு வந்தது, அதே முகத்தோடு நிமிர்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய திரைக்கு உள்ளே ஓடுவதும் அதே லைப்ரரிதான்.

"ஐயா, அந்தக் காலத்தில் கடிகாரத்தை மாற்றி வைத்தார்கள், இந்த சொஃப்ட்வெயார் அதைக் கழிக்கவில்லை" என்று முடிந்தளவு மரியாதையாகச் சொன்னேன். நான் சொஃப்ட்வெயார் எழுதுகிறவள் என்று அம்மாவும் பெருமையாகச் சொல்லி வைத்தார். தினமும் அலுவலகத்தில் பிழைக்கு மேல் பிழையாகத் திருத்திக்கொண்டிருக்கும் என்னை ஐயா இரக்கத்தோடு பார்த்தார்.

"பிள்ளை, நான் பிழை விடலாம். உங்களைப் பெத்தவை பிழை விடலாம். சொஃப்ட்வெயார் பிழை விடாது."

பராமரிப்பாளர்

திருத்தத்தை எழுதி அனுப்பினேன். லைப்ரரியின் பராமரிப்பாளர் வேறொரு நாட்டில் இருப்பவர்; முகம் தெரியாது, படத்துக்குப் பதிலாக ஒரு பூனை இருந்தது. அவருடைய முதல் பதிலில், ஒரு அடைப்புக்குறிக்கு முன்னால் இடைவெளி கூடிவிட்டது என்று எழுதியிருந்தார். இடைவெளியை எடுத்தேன். அடுத்த பதிலில், ஒரு பெயர் நீளமாக இருக்கிறதாம். குறைத்தேன். பிறகு, ஒரு நாடு இப்படிக் கடிகாரத்தை மாற்றியது என்பதற்கு ஆதாரம் கேட்டார். உலகத்துக் கொம்பியூட்டர்கள் எல்லாம் பார்க்கிற நேரப் பட்டியலிலேயே அது இருக்கிறது என்று எடுத்து ஒட்டினேன். அதன் பிறகு பல கிழமை ஒரு சத்தமும் இல்லை. இங்கே என் அம்மா தினமும் சாப்பாட்டு மேசையில் "சேத்திட்டினமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் பதில் வந்தது. என் திருத்தம் நல்லதுதானாம். ஆனால் இது ஓரத்து விஷயமாம், அவசரமில்லையாம். ஓரத்து விஷயம்! என்னோடு படித்த வகுப்பு முழுவதும் அந்தப் பத்து வருடத்துக்குள் பிறந்ததுதான். பக்கத்து வகுப்பும் அப்படித்தான். இதை நாகரிகமான வார்த்தைகளில் எழுதி அனுப்பினேன். அவர் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். பூனைப் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

"உங்கள் நாட்டில் அந்தப் பத்து வருடமும் நிறையப் பேர் பிறந்தார்களா?"

வெள்ளிக்கிழமை எழுத்து

திருத்தம் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில், அதற்குக் கீழே பலர் வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்கள். கட்டைவிரலால் ஒரு கோட்டும் நகராது என்பதை யாராவது இவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் தமிழில் எழுதியிருந்தார். அவருடைய தங்கைக்கும் இதே சிக்கலாம், வெள்ளிக்கிழமை கல்யாண எழுத்தாம், பதிவுக்காரர் வருகிறாராம், அதற்கு முன்னம் திருத்தித் தாருங்கள் அண்ணா என்று ஒரே அதட்டல். என் பெயர் பெண் பெயர் என்று தெரிய அவர் தமிழ் படித்தவராக இருந்தாலே போதும். "நான் அண்ணா இல்லை" என்று பதில் போட்டேன்.

"ஐயோ சொறி அக்கா. அப்ப இதைச் செய்யிற அண்ணாவிட்டச் சொல்லிவிடுங்கோ."

ஓமந்தை தாண்டினால்

நான் "கொம்பியூட்டரில் சாதகம் திருத்துகிறேன்" என்று எங்கள் தொடர்மாடி முழுக்க அம்மா பரப்பிவிட்டார். கீழ்த்தளத்துச் செல்வராணி அன்ரி தன் மகளின் விவரத்தோடு ஏறி வந்தார். பிள்ளை கிளிநொச்சியில் பிறந்தவள். யுத்த காலத்தில் அங்கே இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பக்கம் கடிகாரத்தை மாற்றவேயில்லை, பழைய நேரமேதான். அந்தப் பிள்ளைக்குக் கழிக்கத் தேவையில்லை. சரி, பிறந்த இடத்தில் எந்த நேரம் ஓடியது என்று தெரிவு செய்யவும் ஒரு வழி சேர்த்தேன்.

பூனைப் படத்துக்காரருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாட்டுக்குள் ஒரே நாளில் எப்படி இரண்டு நேரம் ஓடும், மக்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டார். எனக்கு ஏனோ அன்றைக்கு அழுகை வந்தது. எங்கள் வாழ்க்கையை நாங்களே ஆதாரம் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம். அந்தக் கேள்வியை அன்ரியிடமே கேட்டேன்.

"ஓமந்தையில செக்பொயின்ற் தாண்டினா மணிக்கூட்டைத் திருப்பி வைச்சனாங்கள் பிள்ளை. கேக்கிறவர் அந்த வெயிலுக்க ஒருக்கா லைன்ல நிண்டு பாத்திட்டு வந்து கேக்கட்டும்."

சாட்டு

இத்தனை மாதத்தில் நிரோஷனிடம் நான் கேட்டது ஒரே ஒரு உதவி. என் கோட்டைப் பார்த்து, சரி என்று கீழே ஒரு வரி எழுதுங்கள் என்றேன். இன்னொரு எஞ்சினியரின் சொல் இருந்தால் பராமரிப்பாளர் அசைவார். "இந்தக் கிழமை வேலை டைட்" என்றார். அடுத்த கிழமையும் அதே சாட்டு. என் பக்கத்து மேசையில் இருக்கும் மாளிகாவத்தை ரிஸ்னாதான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முழுவதையும் படித்து, இரண்டு ஓட்டை கண்டுபிடித்து, சரி பார்த்தேன் என்று தன் பெயரில் எழுதினாள். லக்கினம் என்றால் என்ன என்று அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அவளுடைய வரியைப் பார்த்த பிறகுதான் பராமரிப்பாளர் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். அதோடு, இலங்கை நேரம் சம்பந்தமான கோட்டை இனி நானே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பொறுப்பையும் தலையில் கட்டினார். நான் துள்ளினேன். இனி அப்பில் பச்சை வரும், என் வருங்கால மாமி சம்மதிப்பார் என்று ரிஸ்னாவைக் கட்டிப் பிடித்தேன். அவள் துள்ளவில்லை.

"ஒங்கட மாமிக்கு அப் ஒரு சாட்டு. நிரோஷனுக்கு மாமி ஒரு சாட்டு. நீங்க யாருக்கு கோட் எழுதினீங்கண்டு எனக்கு வெளங்கல்ல."

ஏழாம் வீடு

அப் புதுப்பிக்கப்பட்டது. என் செவ்வாய் ஒன்பதாம் வீட்டுக்குப் போய் வாயை மூடிக்கொண்டு இருந்தது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். கோட் எழுதிய என்னை ஒருவரும் கும்பிடவில்லை. நிரோஷன் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நல்ல சேலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு போனோம்.

இந்த முறை பற்றிஸ் இல்லை. வெறும் ரீ. நிரோஷனும் அதே பத்து வருடத்தில் பிறந்தவர்தானே. அவருடைய அரை மணித்தியாலமும் கழிந்துவிட்டது. ஆறாம் வீட்டில் சும்மா இருந்த செவ்வாய் ஏழாம் வீட்டுக்கு வந்து நின்றது. அவருடைய பெயருக்கு மேலே சிவப்பு. என்னுடையது பச்சை. லண்டனில் இருக்கும் அவருடைய பெரியம்மாவும் அதே அப்பில் பார்த்துவிட்டாராம். எனக்குத் தோஷம் இருந்தபோது அது கோள்களின் தீர்ப்பு. மகனுக்கு வந்ததும் அது நான் செய்த வேலை. நிரோஷனின் அம்மா என்னைப் பார்த்த பார்வையில், செவ்வாயை நானே கையில் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் வீட்டு ஹோலில் வைத்தது போல இருந்தது. நிரோஷன் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு உம்மட சாதகத்தைத் திருத்த வேணுமெண்டா திருத்தியிருக்கலாம். என்ர பிள்ளையின்ர நேரத்தில ஏன் கை வைச்சனீர்?"

முதல் பங்களிப்பு

இரண்டு நாள் கழித்து லைப்ரரியில் புதிய வேண்டுகோள் ஒன்று வந்தது. இலங்கை நேரத் திருத்தத்தை எடுத்துவிட்டுப் பழையபடி மாற்ற வேண்டும் என்று யாரோ கோட் அனுப்பியிருந்தார். பெயரைப் பார்த்தேன். நிரோஷன். மாதக்கணக்காக ஒரு வரி எழுத நேரமில்லாதவர் முதல்முதலாக எழுதிய கோட். அடைப்புக்குறிகள் எல்லாம் ஒழுங்கு, இடைவெளி ஒன்றும் கூடவில்லை. அவருக்குப் போன் எடுத்தேன். இதை எடுத்தால் எனக்குத் திரும்பவும் தோஷம் வருமே என்றேன். அவர் அதற்கும் யோசித்து வைத்திருந்தார்.

"உமக்குக் கோயில்ல ஒரு சாந்திப் பூசை செய்தாச் சரி, அம்மா ஓமெண்டு சொல்லிட்டா. எனக்கெண்டா ஆக்கள் கதைப்பினமெல்லோ."

கடைசிக் கேள்வி

போனை வைத்தேன். இவருக்காகத்தான் அடைப்புக்குறிக்கு முன்னால் இருந்த இடைவெளியைக்கூட எடுத்தேன். மேசைக்குத் திரும்பி வந்தபோது, பூனைப் படத்துக்காரர் நிரோஷனின் வேண்டுகோளின் கீழ் ஏற்கெனவே வந்து நின்றார். ஒரு நாடு கடிகாரத்தை மாற்றவில்லை என்பதற்கு ஆதாரம் உண்டா என்று அவரிடம் கேட்டிருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த மனிதர் மேல் எனக்கு அன்பு வந்தது. பிறகு, அந்தக் கோட் என் பொறுப்பு என்பதால் என்னிடம் ஒரு கேள்வி வைத்திருந்தார். என் திருத்தத்தால் உண்மையில் எத்தனை பேர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள்? நான் பதில் எழுதி, நிரோஷனின் வேண்டுகோளைச் சேர்க்காமலே மூடினேன்.

"ஒருவர்தான். ஓரத்து விஷயம்."

சம்பளமில்லாத இந்த வேலையால் உமக்கு என்னதான் கிடைத்தது என்று இன்னும் கேட்கிற சொந்தக்காரர்களுக்கு என் பதில், செய்யாமல் விட்ட ஒரு கல்யாணம் மிச்சம்.