வெள்ளிக்கிழமை மதிய வருகைப்பதிவு

1. "அப்ப சரிங்க சார்"

எழுபதுகளின் நடுவில், திருவண்ணாமலையில் ஓர் உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியனாக இருந்தேன். பத்தாம் வகுப்பு பி செக்‌ஷனுக்கு வகுப்பாசிரியரும் நானே. ஒரு சனிக்கிழமை காலை, ஸ்பெஷல் கிளாஸ் தொடங்குமுன், தணிகாசலம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். அவர் கடலை வியாபாரி. என் மாணவன் ஏழுமலையின் சித்தப்பா. தகப்பனை இழந்த ஏழுமலை, டவுனில் இவர் வீட்டில் தங்கிப் படித்துவந்தான். தாயார் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நம்ம ஏழுமலை ராத்திரி வீட்டுக்கு வர்லீங்க. நேத்து காலைல டிபன் சாப்ட்டுட்டு பையத் தூக்கினு போனவன்தான். அப்புறம் நான் அவனப் பாக்கவே இல்ல. மத்தியானம் கிளாசுக்கு வந்தானா?"

பதிவேட்டைத் திறந்தேன். காலை வருகைக்கு ஒரு சாய்கோடு. மதிய வருகைக்கு அதன் குறுக்கே இன்னொன்று. ஏழுமலையின் பெயருக்கு நேரே இரண்டும் இருந்தன.

"வந்திருக்கிறான்."

"மத்தியானமுமா?"

"மத்தியானமும்."

அவர் குனிந்து அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். "அப்ப சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளையைக் காணோம் என்று தேடி வந்தவர் சொல்லக்கூடிய சொல் அல்ல அது. அப்போதே எனக்கு அது உறுத்தியது. ஆனால் மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போய்விட்டேன்.

2. இன்ஸ்பெக்டர்

ஞாயிறு மாலை, டவுனுக்கு வெளியே தணிகாசலத்தின் வயல் கிணற்றில் ஏழுமலையின் உடல் கிடைத்தது. பின்தலையில் அடிபட்ட காயம் இருந்தது. தண்ணீரில் இரண்டு நாள் கிடந்ததால், உயிர் போன நேரத்தைத் திட்டமாகச் சொல்ல டாக்டரால் இயலவில்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் தலைமையாசிரியர் அறையில் என்னை விசாரித்தார். வெள்ளியன்று ஒரு மணி சுமாருக்கு, தணிகாசலத்தின் மோட்டார் பைக்கில் பின்னால் பையன் உட்கார்ந்து போனதைப் பம்ப்செட் மெக்கானிக் ஒருவர் பார்த்திருந்தார்.

"அத அவரே ஒத்துக்கிறாரு சார். ஓட்டல்ல சாப்பாடு வாங்கிக் குடுத்துட்டு, ரெண்டு மணிக்கு முன்னாடி உங்க கேட்ல எறக்கி விட்டாராம். மூணு மணி பஸ்ல வேலூர் போயிட்டாரு. கண்டக்டர் சாட்சி. ராத்திரி வரைக்கும் அங்க மண்டியில இருந்திருக்காரு. பையன் நாலேகால் வரைக்கும் உங்க கிளாஸ்ல இருந்தான். அப்புறம் இவரு எப்படிங்க செய்ய முடியும்?"

"சனிக்கிழமை என்னிடம், காலைக்குப் பிறகு அவனைப் பார்க்கவே இல்லை என்றாரே?"

"பதட்டத்துல சொல்லியிருப்பாரு. உங்க ரிஜிஸ்டரே அவரு பக்கம்தான பேசுது!"

தலைமையாசிரியர் குறுக்கிட்டார்: "எங்க ஸ்கூல் ரிஜிஸ்டர்ல தப்பே வராதுங்க."

மாணவர்களை ஒரு வார்த்தை கேட்கலாமா என்றேன். "எழுத்துல இருக்கும்போது பசங்கள எதுக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர். வாக்குமூலத்தில் கையெழுத்திட்டேன். கையெழுத்திட்ட பிறகுதான் என் சந்தேகம் முழுமையாக விழித்துக்கொண்டது. சனிக்கிழமை வரை அவரிடம் இல்லாத ஒரு கதை திங்கட்கிழமை அவரிடம் இருந்தது. இடையில் அவர் பார்த்தது நான் காட்டிய பக்கம் ஒன்றுதான்.

3. பெயர் கூப்பிடாத முறை

இங்கே என் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பெயர் கூப்பிடுவதில்லை. நாற்பத்திரண்டு பெயர்களுக்கு ஐந்து நிமிடம் போகும். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு தேற்றத்தை நடத்திவிடலாம் என்பது என் கணக்கு. முதல் பெஞ்சில் இருந்த ஏழுமலையிடம் "யாருப்பா வரல?" என்று கேட்பேன். "குமாருக்கு அம்மை சார். சேகரு தூங்கிட்டிருப்பான் சார், ரெண்டாவது பீரியடுக்கு வந்துருவான்" என்பான். வகுப்பு சிரிக்கும். அவன் சொன்னவர்களுக்கு ஆப்சென்ட், மற்றவர்களுக்குக் கோடு. அவன் ஒருநாளும் தவறாகச் சொன்னதில்லை. நாளடைவில் கேட்பதையும் விட்டுவிட்டேன், அவனாகவே சொல்வான். அவன் பேசாவிட்டால் எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்று பொருள்; தலை நிமிராமலே எல்லோருக்கும் கோடு போட்டுவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். அன்வர் என்ற மாணவன் எழுந்தான்.

"சார், வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு ஆப்சென்ட் போட்டுட்டீங்களா? ஜும்மாவுக்கு அப்புறம் அக்கா நிச்சயதார்த்தம் சார். ஆபீஸ்ல லீவ் லெட்டர் குடுத்துட்டுத்தான் போனேன்."

பார்த்தேன். அன்வருக்கும் இரண்டு கோடுகள் இருந்தன.

"உனக்கு லீவு என்று ஏழுமலை என்னிடம் சொல்லவில்லையே?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான்:

"ஏழுமலையே மத்தியானம் வர்லியே சார்."

"ஏன்டா, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கல சார்."

4. பதிவேடும் நானும்

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எம்.ஏ., பி.டி. படிச்சவரு நீங்க. யோசிச்சுப் பேசுங்க. ரிஜிஸ்டர் பொய்யின்னு எழுதிக் குடுத்தா உங்க வேல போயிடும். டிபார்ட்மென்ட் நம்ம பள்ளிக்கூடத்து எல்லா ரிஜிஸ்டரையும் கிளறுவான். செத்தவன் திரும்பி வரப்போறானா?"

"கொன்றவர் வெளியே இருப்பார், சார்."

"அவருதான் கொன்னாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் போட்ட ஒரு கோட்டின் பின்னால் ஒருவர் மறைந்துகொண்டிருக்கிறார் என்பது மட்டுமே. அன்வரின் விடுப்புக் கடிதம் ஆபீஸ் ஃபைலில் இருந்தது. அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன்.

அதன் பிறகு மெக்கானிக்கின் பேச்சுக்கு மதிப்பு வந்தது. சாப்பாடு வாங்கிக் கொடுத்ததாகச் சொன்ன ஓட்டலில் விசாரித்தார்கள், சித்தப்பாவும் பையனும் அங்கே போகவே இல்லை. ஏழுமலைக்குச் சேரவேண்டிய பாதி நிலத்தையும் சேர்த்துத் தணிகாசலம் ரகசியமாக அடமானம் வைத்திருந்ததும், பையன் அதைக் கண்டுபிடித்துக் கேட்டுவிட்டதும் வெளிவந்தன. பள்ளிக்கு எதிரே டீக்கடையில் என் காதில் விழும்படியே பேசினார்கள்: "வாத்தியாரு மொதல்ல வந்தான்னாரு, இப்ப வர்லன்றாரு. எந்தப் பக்கம் ஜாஸ்தி குடுத்தாங்களோ!" நான் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

செஷன்ஸ் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார்.

"வாத்தியாரய்யா, இந்த ரிஜிஸ்டர் பொய்யா, நீங்க பொய்யா? ரெண்டுல ஒண்ண சொல்லுங்க."

"பதிவேடு பொய். அதை எழுதியவன் நான்."

"அப்ப நீங்க சொல்ற எதத்தான் நம்பறது?"

"என்னை நம்ப வேண்டாம். அதே மதியம் விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டுப் போன மாணவனுக்கும் அதே பக்கத்தில் வருகை போட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்."

நீதிபதி கடிதத்தையும் பக்கத்தையும் வாங்கி அருகருகே வைத்துப் படித்தார். கூண்டில் நின்ற தணிகாசலம் அப்போதுதான் முதன்முறையாக என்னைப் பார்த்தார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. அவரை வேலூர் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

எனக்கு மெமோ வந்தது; கண்டனமும் ஓராண்டு இன்கிரிமென்ட் வெட்டும் கிடைத்தன. வேலை போகவில்லை. இரண்டு மணிக்கு முன்பே உயிர் போய்விட்டது, நீங்கள் பெயர் கூப்பிட்டிருந்தாலும் பயனில்லை என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். தீர்ப்பு நாளில் கோர்ட் வாசலில் ஏழுமலையின் தாயார் சொன்னது வேறு.

"அவன் வர்லன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா, புள்ளயத் தேடி வந்த ரெண்டு நாளும் நான் அந்தாளு வீட்ல ஒக்காந்து, அந்தாளு கையால சோறு வாங்கித் துன்னிருக்க மாட்டேன் சார்."

 

5. சேர்க்கை

எண்பதுகளில் அதே பள்ளிக்கு நான் தலைமையாசிரியரானேன். ஒரு ஜூன் மாதம், ஆறாம் வகுப்பில் சேர்க்க ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் தணிகாசலம் என்றிருந்தது.

"அவரு இன்னும் உள்ளதாங்க இருக்காரு. இவன் கைக்கொழந்தையா இருக்கச்ச போனவரு. தொழில்னு கேக்கற எடத்துல என்ன எழுதுவீங்க?"

"விவசாயம் என்று எழுதலாம்."

எழுதினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"சார், அந்தக் கேசுல சாட்சி சொன்ன வாத்தியாரு நீங்கதான?"

"ஆமாம்."

பையனின் தோளைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இவன இங்க நம்பி உடலாங்களா?"

என்னைச் சந்தேகிக்க அவருக்கு உரிமை இருந்தது. அவர் நினைத்த காரணம் வேறாக இருக்கலாம். உறுதிமொழி எதையும் நான் கொடுக்கவில்லை. இங்கே தினமும் இரண்டு வேளை, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்த பிறகுதான் கோடு போடுகிறோம் என்றேன். மதியம் வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்த மணியிலேயே ஆள் போகும் என்றேன்.

அவர் பையனின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஐந்து நிமிடம் போனால் போகட்டும், பெயரைக் கூப்பிடுங்கள். வராதவர்கள் யார் என்று வந்தவர்களைக் கேட்டு எழுதாதீர்கள். அந்தப் பையனைச் சேர்த்த அன்று மதியம் இரண்டு மணிக்கு ஆறாம் வகுப்புக்கு நானே போனேன். தணிகாசலத்தின் மகன் பெயரைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில் எழுந்து நின்றான்.