முதலாளி வீட்டுச் சுவர்

சோவியத் கால மாஸ்கோவில் ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோ. அங்கே பின்னணிச் சித்திரம் தீட்டுகிற வேலை ரிம்மா பாவ்லொவ்னாவுக்கு. அவள் தீட்டிய கோதுமையையெல்லாம் அறுத்து மாவாக்கியிருந்தால் தேசம் முழுக்க ரொட்டி தின்று, மிச்சத்தைப் புறாக்களுக்குப் போட்டு, புறாக்களும் பறக்க முடியாமல் நடந்தே வீடு போயிருக்கும். பிரசாரக் குறும்படத்துக்குக் கோதுமை இல்லாமல் தீராது. கோதுமைக்குப் பின்னால் சூரியன், சூரியனுக்குப் பக்கத்தில் ஆலைப் புகைபோக்கி. நல்லவர் வீடென்றால் சுவரில் காலண்டர், ஜன்னலில் பூந்தொட்டி. அந்தப் பூவும் நேராக நிற்கவேண்டும்.

கெட்டவன் வீடு அப்படியில்லை. தொப்பையும் சுருட்டுமாக வருகிற அமெரிக்க முதலாளிக்கு எந்தக் கோணலும் தகும். சுவர் சாயலாம், வானம் ஊதாவாகலாம். வீரத் தொழிலாளியை வரையக் கிடைத்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டே வரைவார். முதலாளி கிடைத்தவரோ கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மூஞ்சியைக் கோணிக் கோணிப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வார். முதலாளி நடனமாடும் காட்சிக்கு இசைப்பதிவு என்றால், காய்ச்சலில் கிடந்த சாக்ஸபோன்காரர்கூடக் கட்டிலோடு வந்து சேருவார். வேறெந்தக் காட்சியில் அவரை அப்படி ஊதவிட்டார்கள்?

படிக்கிற காலத்தில் ரிம்மா ஒரு படம் தீட்டினாள். ஆளில்லை, டிராக்டரில்லை, வெறும் நிறங்கள். "இதுல மனுஷன் எங்கம்மா?" என்று கேட்ட ஆசிரியர் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். அதோடு நிறுத்திக்கொண்டாள். வீட்டில் தீட்டலாமென்றால், சமையலறையைப் பங்கு போடுகிற அண்டைக் குடித்தனக்காரர்கள் அவள் சூப்புக்கே தீர்ப்பு சொல்கிறவர்கள்.

இப்போது புதுப் படத்தில் முதலாளியின் வரவேற்பறைச் சுவரில் ஒரு சட்டம் காலியாக இருந்தது. அவள் அதற்குள் கருநீலம் தீட்டினாள். குறுக்கே ஆரஞ்சுக் கீற்று. நடுவில் விழுகிறதா எழுகிறதா என்று தெரியாத ஒரு வெள்ளை. முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த தியேட்டரில் இது பெரிதாகத் தெரியும்போது அந்த முகங்கள் என்ன செய்யும்? அதை ஒரே ஒரு தடவை பார்த்துவிடவேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

படங்களை வெளியிட அனுமதி கொடுக்கிற கலைக் குழு படத்தைப் பார்க்க உட்கார்ந்தது. விளக்குப் போட்டதும் தலைவர் வெனியமின் லுகிச் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"முதலாளி வீட்டுச் சுவர்ல ஒரு படம் இருக்கே, யாரு போட்டது?"

"நான்தான், வெனியமின் லுகிச்."

"பார்க்க நல்லாயிருக்கு. அதுதான் இடிக்குது. அந்தப் பயலுக்கு ரசனை எதுக்கு? எடுத்துட்டு ஒரு பண மூட்டைய மாட்டுங்க."

ரிம்மா சட்டென்று எழுந்து நின்றாள்.

"நல்லாயிருக்கா? அதத் தீட்டுன பாவி நான் சொல்றேன், கேளுங்க. தீட்டி முடிச்சதுலேர்ந்து தலைவலி நிக்கல. அத்தனை அசிங்கத்தையும் தேடிப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்கேன். அந்த ஆரஞ்சு இருக்கே, அழுகின பூசணிக்காய்!"

அவள் தீட்டுவதையெல்லாம் படம்பிடிக்கிற கேமராக்காரி தூஸ்யா பக்கத்தில் இருந்தாள். ஒரு கணம் ரிம்மாவின் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"என்னைக் கேளுங்க. கேமராவுக்குக் கீழ வச்சதும் காலையில குடிச்ச கஞ்சி தொண்டைக்கு வந்துருச்சு."

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே?" என்றார் தலைவர் சந்தேகத்தோடு.

"கண் சிமிட்டுற நேரந்தானே காட்டுறோம், எப்படிப் பண்ணும்? கொஞ்சம் நிறுத்திக் காட்டணும், தோழர். அப்பத்தான் விஷம் ஏறும்," என்றாள் தூஸ்யா.

வெனியமின் லுகிச் நெற்றியைத் தேய்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. "அப்ப ஒண்ணு செய்யுங்க. முதலாளியோட பூனை அந்தப் படத்தப் பார்க்கட்டும். நல்லா, நிதானமா பார்க்கட்டும். பார்த்துட்டு மயங்கி விழட்டும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ரிம்மாவும் தட்டினாள். தாழ்வாரத்துக்கு வந்ததும் தூஸ்யா இடித்தாள்: "அழுகின பூசணிக்காயாம்! பெத்த பிள்ளைய இப்படியாடி திட்டுவ?"

"திட்டலேன்னா புதைச்சிருப்பாங்கடி. ஆனா அந்தப் பூனை... ஜனங்க பூனையத்தானே பார்ப்பாங்க?"

அந்தக் கவலையோடுதான் படம் வெளியான அன்று தியேட்டருக்குப் போனாள். முன்வரிசையில் இடம் பிடித்துத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஏம்மா, படம் அந்தப் பக்கம் ஓடுது!" என்றாள் பின்வரிசைக்காரி.

"எனக்குக் கழுத்துப் பிடிப்பு," என்றாள் ரிம்மா.

சாக்ஸபோன் துள்ளியது. முதலாளி வீடு வந்துவிட்டது. திரையின் ஒளி திடீரென்று கருநீலமாகி எல்லா முகங்களிலும் படிந்தது. கன்னங்களில் ஆரஞ்சு ஓடியது. அத்தனை பேரும் வாயைப் பிளந்து பூனைக்காகக் காத்திருந்தார்கள். தொப்பென்று அது விழுந்ததும் தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. ரிம்மா ஒவ்வொரு முகமாகத் தேடினாள். எல்லாம் பற்கள்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கம்பளித் தொப்பியோடு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, படம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி அவர் விலாவில் குத்தினாள். "என்னய்யா, அந்தப் பூனைக்கு வந்தது உனக்கும் வந்துருச்சா?"

"சும்மா இருடி," என்றார் அவர். "பூனைக்கு என்ன தெரியும்?"

ரிம்மா திரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அங்கே அதற்குள் கோதுமை வந்துவிட்டிருந்தது.