உள்ளே விடவா?

காலையில் நோர்வேயின் பேர்கன் நகரத்து அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து கடவுச்சொல்லை அடித்ததும் என் கைத்தொலைபேசியில் ஒரு கேள்வி வரவேண்டும். நான் 'ஆம்' என்று அழுத்தினால்தான் உள்ளே போகலாம். சில மாதங்களாக அந்த வேலையே எனக்கு இருக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுப்பதற்குள் கேள்வி மின்னி மறைந்துவிடும், கணினியும் திறந்துவிடும். புதிதாகப் பொருத்திய செயற்கை நுண்ணறிவு என்னை நம்பத் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பழக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கேள்விக்குப் பதில் சொல்வது யாரென்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பல மருத்துவமனைகளின் நோயாளர் பதிவுகளுக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று காவல் பார்ப்பதுதான் எங்கள் நிறுவனத்தின் தொழில். கடவுச்சொல்லைத் திருடலாம். ஒருவருடைய பழக்கவழக்கத்தைத் திருடுவது கடினம். ஆகவே யார் எத்தனை மணிக்கு வருகிறார், எங்கிருந்து வருகிறார், எந்தக் கருவியில் அனுமதி கொடுக்கிறார் என்பதையெல்லாம் இயந்திரம் வாரக்கணக்கில் பேசாமல் பார்த்துப் பழகும். பிறகு ஒவ்வொரு நுழைவுக்கும் சந்தேகப் புள்ளி போடும். புள்ளி கூடினால் பூட்டிவிடும். நண்பர்களுக்கு இதை விளக்கும்போது, எங்கள் ஊர்ச் சோதனைச்சாவடியைவிட மரியாதையான காவல்காரன் என்று சொல்லிச் சிரிப்பேன்.

போர்க்காலத்தில், மட்டக்களப்பில் என் பள்ளிக்கூடம் வாவிக்கு அந்தப் பக்கம். பாலத்தடியில் இருந்த சிப்பாய் தினமும் என்னைப் பார்ப்பான், தினமும் அடையாள அட்டை கேட்பான். ஒரு நாள் அட்டையை வீட்டில் விட்டுவிட்டேன். என்னை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். அந்த வெயிலில் நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது. யாரோ போய்ச் சொல்லி, என் அக்கா மெர்சி சைக்கிளில் வந்து சேர்ந்தாள். அவசரத்தில் அவளும் அட்டையை எடுக்காமல் வந்திருந்தாள். "இது உன்ட தம்பியா?" என்று சிப்பாய் உடைந்த தமிழில் கேட்டான். "ஓம்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அவன் என்னை விட்டான்.

போன திங்கட்கிழமை என் கணினி திறக்கவில்லை. மேலாளர் இங்ரிட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முதல்நாள் ஞாயிறு, யாரோ என் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே வரப் பார்த்திருக்கிறார்கள். அது எங்கோ கசிந்திருக்கிறது. அப்போது அடுத்தடுத்து வந்த கேள்விகளுக்கு ஒரு தொலைபேசியிலிருந்து 'இல்லை' என்று பதில் போயிருக்கிறது. வழக்கமாக 'ஆம்' சொல்லும் தொலைபேசி திரும்பத் திரும்ப 'இல்லை' என்றதும் இயந்திரம் எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. நல்லதுதானே என்று வாயெடுத்தேன். இங்ரிட் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்தத் தொலைபேசி இருந்த இடம் மட்டக்களப்பு. அவர் பின்னோக்கி உருட்ட உருட்ட, எல்லா வேலைநாளிலும் எனக்கு 'ஆம்' வந்ததும் அதே இடத்திலிருந்துதான்.

பயந்துபோனேன். இந்த வேலையை நம்பித்தான் இந்த நாட்டில் எனக்கு வதிவிட அனுமதி. போன முறை ஊருக்குப் போனபோது பழைய தொலைபேசியை அக்காவிடம் கொடுத்தேன். படங்கள் அழியக்கூடாது என்றாள், ஆகவே எதையும் அழிக்கவில்லை. அவளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பூட்டை எடுத்து, மொழியையும் தமிழுக்கு மாற்றினேன். அந்தக் கேள்வி கேட்கும் அனுமதிச் செயலி அதிலும் இருந்ததையே மறந்துபோனேன். நோர்வே முழுக்கப் பூட்டுப் போடுகிறவன் செய்கிற காரியமா இது?

"இப்போதே அவரோடு பேசுங்கள், எனக்கும் கேட்கட்டும்" என்றார் இங்ரிட். அங்கே மதியம். அக்கா முன்பள்ளியில் படிப்பிக்கிறவள், வீடு திரும்பியிருந்தாள்.

"அக்கா, அந்த போன்ல என்ட பேரோட ஒரு கேள்வி வரக்குள்ள நீங்களா அமத்துற?"

"ஓம் மனே. ஒவ்வொரு நாளும் நான்தான் அமத்துற. உன்ட பேரப் போட்டு, உள்ள விடவா என்டு கேக்குது. என்ட தம்பிய நான் விட வேணாமென்டு சொல்லுவனா? அதப் பாத்தாத்தான் நீ சுகமா போய்ச் சேந்திட்டாய் என்டு எனக்குத் தெரியும்."

தம்பியையும் 'மனே', மகனே, என்று கூப்பிடும் எங்கள் ஊர் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டு நான் மொழிபெயர்த்தேன். இங்ரிட் சிரிக்கவில்லை. "உங்களை உள்ளே விட அவருக்கு என்ன அதிகாரம்?" என்று கேட்டார்.

"அவர் என் மூத்த சகோதரி" என்றேன். எங்களுக்கு அதுவே போதுமான பதில். இங்ரிட் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழம என்ன நடந்த?" என்று அக்காவைக் கேட்டேன்.

"அண்டைக்கும் வந்திச்சு. நாலஞ்சு தரம் வந்திச்சு. நான் இல்லையென்டு அமத்திட்டன். அந்நேரம் நீ சேர்ச்சில எல்லோ இரிப்பாய்? இது ஆரோ கள்ளன் என்டு நினைச்சன். ஏன் மனே, பிழையா செய்திட்டனா?"

இதையும் சொன்னேன். வேலைநாள்களில் நான் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவள் தெரிந்துகொள்வது அந்தக் கேள்வியில்தான் என்றும் விளக்கினேன்.

"அப்படியென்றால் அவர் உங்களை ஓவர்வோக்கிங் செய்திருக்கிறார்" என்றார் இங்ரிட். அவர்கள் மொழியில் அது கண்காணிப்பு. பொலிஸ் செய்வதற்கும் அதே சொல்தான். இல்லை என்று மறுக்க வாய் திறந்தேன். எங்கள் இயந்திரம் வாரக்கணக்கில் பழகிய அதே பழக்கத்தை அக்கா எந்தப் பயிற்சியும் இல்லாமல் தெரிந்து வைத்திருக்கிறாள் என்று சொல்ல விரும்பினேன். நோர்வீஜியத்தில் வரவில்லை.

வேலை தப்பியது. எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். இன்னொரு தவறு நடந்தால் அடுத்த கடிதம் வேறு மாதிரி இருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. அக்காவின் தொலைபேசியை நம்பகமான கருவிகளின் பட்டியலிலிருந்து நானே என் கையால் நீக்க வேண்டும் என்றார் இங்ரிட். 'இந்தக் கருவியை இனி நம்ப வேண்டாமா?' என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அந்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் மேசையில் வைத்திருந்தேன்.

அடுத்த நாள் வழக்கமான நேரத்துக்கு வந்து புதிய கடவுச்சொல்லை அடித்தேன். கேள்வி வந்தது, மறையாமல் நின்றது. சில மாதங்களுக்குப் பிறகு நானே பதில் சொன்னேன். கணினி திறக்கவில்லை. திரையில் ஓர் அறிவிப்பு விழுந்தது: 'சந்தேகம் அதிகம். இந்தப் பயனருக்கான அனுமதி இலங்கையிலிருந்து வருவதே வழமை. இன்று வரவில்லை.'

மீண்டும் இங்ரிட்டின் கதவைத் தட்ட வேண்டும் என்று எழுந்தேன். அப்போது தொலைபேசி அடித்தது. அக்கா.

"தம்பி, இண்டைக்கு ஒன்டும் வரல்ல. உள்ள போயிட்டியா?"

பூட்டிய திரையைப் பார்த்துக்கொண்டே "ஓம் அக்கா" என்றேன்.