வெடித்த போத்தலும் வெளியூர்த் தலைமுடியும்

இந்த நாட்டின் தேசிய மலரை நான் வாரம் ஒரு முறை பறித்து, அரைத்து, தலைக்குத் தேய்த்துக் குளிக்கிறேன். சேலத்தில் வேலியோரம் ஆடு கடிக்கிற அதே செம்பருத்திதான். இங்கே ‘புங்கா ராயா’ என்ற மரியாதையான பெயரோடு பணத்தாளில்கூட இருக்கிறது. பினாங்கு ஜெலுத்தோங்கில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடியின் வாசலில் ஒரு வரிசை நிற்கிறது. முதல்நாள் நான் பத்து இலையும் நான்கு பூவும் பறித்தபோது காவலர் எழுந்து வந்தார். வயதான மலாய்க்காரர், எதையும் சிரித்துக்கொண்டே கேட்பவர். இது எதற்கு என்றார். தலைமுடிக்கு மலாயில் ‘ரம்புத்’. எனக்கோ இந்த நாட்டில் முதலில் அறிமுகமானது ரம்புத்தான் பழம். அதனால் கம்பீரமாக “ரம்புத்தானுக்கு” என்று சொல்லிவிட்டேன். அவர் பூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது அதற்குப் பருவமில்லை, இரண்டு மாதம் போகட்டும் என்று பரிவோடு சொன்னார். என் தலையைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நன்றி கூறிவிட்டு மேலே வந்தேன்.

என் தலைக்கும் அப்போது பருவமில்லைதான். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் டெங்கிக் காய்ச்சல் வந்து, பிழைத்து எழுந்திருந்தேன். காய்ச்சல் போனது, போகும்போது முடியையும் கூட்டிக்கொண்டு போனது. சீப்பில் கொத்து, தலையணையில் கொத்து, குளியலறைச் சாக்கடை வாயில் ஒரு எலிக்குட்டி அளவுக்குக் கொத்து. அம்மாவோடு காணொளியில் பேசும்போது, இப்போதுதான் குளித்தேன் என்று தலையில் துண்டைக் கட்டிக்கொள்வேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைடி குளிப்பே என்று அம்மா கேட்ட பிறகு, கேமரா கெட்டுவிட்டது என்றேன். டாக்டர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலுக்குப் பின் இப்படிக் கொட்டுவது வழக்கம், தானே வளரும், சும்மா இருங்கள் என்றார். எந்த வைத்தியத்தையும் செய்துவிடலாம், சும்மா இருக்கும் வைத்தியம் மட்டும் நமக்கு ஆகாது.

ஆகவே கைப்பேசியைத் திறந்தேன். ஒரு பெண்மணி வீட்டிலேயே மூலிகை ஷாம்பு காய்ச்சிக்கொண்டிருந்தார். சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம், செம்பருத்தி. நம் முன்னோர் முட்டாள்களா என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனைக்கும் சேலத்தில் இருந்த முப்பது வருடமும் நான் கடை ஷாம்புதான். சீயக்காய் கண்ணை எரிக்கிறது என்று நானும் என் தங்கையும் அழுது போராடி, சின்ன வயதிலேயே அதை வீட்டைவிட்டு விரட்டியவர்கள். கடல் தாண்டியதும் எனக்குப் பாரம்பரியம் முளைத்தது. முடி மட்டும்தான் முளைக்கவில்லை.

லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையில் முழுச் சீயக்காய் கேட்டேன். பொடியாக இருக்கிறது, சோப்பாக இருக்கிறது, ஷாம்பாகவே இருக்கிறது என்று கடைக்காரர் வரிசையாக எடுத்து வைத்தார். காயாகத்தான் வேண்டும் என்றதும் உள்ளே திரும்பி, “ஊர்லேர்ந்து புதுசா வந்திருக்காங்க, காய் எடு” என்றார். நான் வந்து மூன்று வருடமாகியிருந்தது. ஊறவைத்து, கொதிக்கவைத்து, பிசைந்து, வடிகட்டியதில் சேற்று நிறத்தில் மூன்று போத்தல் வந்தது. அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்தார். தாசேக் கெலுகோரில் பிறந்தவர். அவர் தாத்தாவே இந்த மண்ணில் பிறந்தவர். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் நான் ஒன்றரை மணி நேரம் பேசினேன். ரசாயனத்தின் தீமை, முன்னோரின் அறிவு, நாமெல்லாம் வேரை மறந்துவிட்டது. ‘நாமெல்லாம்’ என்று வாய் சொன்னாலும், ‘நீங்களெல்லாம்’ என்றுதான் மனசு சொன்னது. அக்கா பொறுமையாகத் தலையாட்டினார். போகும்போது ஒரு போத்தலை, மூடியை இறுக்கித் திருகி, கையில் திணித்தேன்.

நான்காம் நாள் சனிக்கிழமை. அக்காவின் மகளுக்கு அன்று மாலை நிச்சயதார்த்தம். காலையில் அக்கா என் வாசலில் நின்றார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“வாசுகி, உங்க போத்தல் வெடிச்சிருச்சு லா.”

ஓடினேன். சமையலறையில் இருந்த போத்தல் பினாங்கு வெயிலில் புளித்துப் பொங்கியிருந்தது. அக்கா மூடியைத் தொட்டதும் பீறிட்டு, கூடத்துப் புதுச் சுவர்வரை போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்காக முந்தின வாரம்தான் வெள்ளைச் சாயம் அடித்திருந்தார்கள். மாதா படத்தின் கண்ணாடியில்கூடப் பழுப்புக் கோடு வழிந்தது. இருவரும் துணியோடு உட்கார்ந்து தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க நுரை வந்தது, கறை போகவில்லை. அது நல்ல ஷாம்பு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. எனக்கு அழுகை முட்டியது.

“அக்கா, எனக்கு இது ஒண்ணுமே தெரியாது. ஊர்ல நான் சீயக்காயே தேச்சதில்ல. போன்ல பாத்துத்தான் செஞ்சேன்.”

அக்கா துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்: “அப்புறம் ஏன் மா அவ்ளோ நேரம் பாடம் எடுத்தீங்க?”

நான் சுவரை இன்னும் வேகமாகத் தேய்த்தேன். அக்காவே தொடர்ந்தார்.

“நாங்க வாரா வாரம் காய்ச்சுறதுதான். அன்னிக்கே ஊத்தி முடிச்சிருவோம், இத வச்சிக்கக் கூடாது. ஆனா நீங்க ஊர்க்காரங்க. உங்க முறை வேறயா இருக்கும்னு நெனச்சேன்.”

கறைமேல் ஒரு பெரிய நாள்காட்டியை மாட்டினோம். மாப்பிள்ளையின் அம்மா மாலை முழுவதும் அதன் அடியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பலகாரத் தட்டோடு நின்று, காற்று அடிக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது.

அடுத்த வாரம் அக்கா வீட்டு அடுப்படியில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு குளியலுக்கு மட்டும், ஒரு சிறு பாத்திரத்தில் காய்ச்சினார். என் செய்முறையேதான். கடைசியில் மட்டும் பாலிக் புலாவிலிருந்து வந்த, மேல்தோல் சுருங்கிய ஒரு பச்சை எலுமிச்சையைப் பிழிந்தார். ‘லீமாவ் பூருட்’ என்றார். தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த மலாய்த் தோழி சொல்லிக் கொடுத்ததாம். என் முன்னோருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. முட்டாள்கள் இல்லை, அவ்வளவுதான். வீடு வந்து தலைக்கு ஊற்றினேன். கண் எரிந்தது. மூன்று மாதத்தில் நெற்றியோரம் குட்டி முடிகள் குச்சி குச்சியாக எழுந்து நின்றன. டாக்டர் தான் சொன்னதுதான் நடந்தது என்பார். அதனால் அவரிடம் நான் போகவில்லை.

சென்ற மாதம் சேலம் போனேன். அம்மா என் தலையைத் தடவிப் பார்த்து, கேமரா சரியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டாள். தங்கை என்னை அழகு நிலையத்துக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த பெண் என் முடியைப் பிரித்து, தூக்கி, வெளிச்சத்தில் பார்த்தாள்.

“மேல வளந்ததெல்லாம் நல்லா இருக்குதுக்கா. கீழ இருக்கறதுதான் ரொம்பப் பழசு, நுனி பிளந்து கெடக்குது. ஒரு ஜாண் எடுத்துரலாமா?”

மனசுக்குள் கணக்குப் போட்டேன். வேரிலிருந்து பாதி முதுகுவரை பினாங்கில் வளர்ந்தது. அவள் எடுக்கலாம் என்ற அந்த ஒரு ஜாண், நான் விமானம் ஏறிய அன்றே தலையில் இருந்தது. சேலத்துத் தண்ணீரில் வளர்ந்ததாக என்னிடம் மிச்சமிருப்பது அவ்வளவுதான். கத்தரியைத் திறந்து பிடித்தபடி அவள் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தாள். ஒரு விரற்கடை மட்டும் எடுக்கச் சொன்னேன்.