நினைவகத்தைத் தின்றது யார்

கனடாவின் வின்னிபெக்கில் பனிப்புயல் காலை. பள்ளி உண்டா என்று பார்க்கப் பெற்றோர் மொய்த்த இணையதளம் அரைமணிக்கொரு முறை நினைவகம் நிரம்பிப் படுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தளத்தின் நிரலாளர்களில் பிறர் நிரலில் குறை கண்டே பேரெடுத்த மார்லீன் டிக், பக்கம் கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று அளந்தாள். எல்லாமே கொஞ்சம் பிடித்தன. எதுவும் திருப்பித் தரவில்லை.

"எந்தப் புண்ணியவான் வேலைடி இது? மறுபடி படுக்கப்போகுது!" என்று பக்கத்து மேசை கோரின் பதறினாள்.

"எவனா இருந்தாலும் தோலை உரிச்சிடுறேன்."

கடைசியில் அகப்பட்டது, போன குளிர்காலத்தில் இதேபோல் நினைவகத்தை அளக்க யாரோ செருகி, எடுக்க மறந்த நிரல். ஒவ்வொரு கோரிக்கையின் அளவையும் அது அழிக்காமல் சேர்த்துவைத்திருந்தது.

எழுதியவர் பெயரைக் கோரின் உரக்கப் படித்தாள்: "மார்லீன் டிக்."

மார்லீன் அந்த வரிகளை அழித்தாள்.

"தோலை நீயே உரிச்சுக்கிறியா, நான் உரிக்கட்டுமா?"